ரஜாய்ப் பெட்டிக்குள் ஐந்து பில்லி

நம் சொசைட்டித் தமிழ்க் குழுவின் ஆண்டு மலருக்குச் சின்ன வயசு ஞாபகம் ஒன்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதே வாரம், என் வீட்டு வாசலில் குட்டி போட்டிருக்கும் பூனையை விரட்டச் சொல்லி செக்ரட்டரியிடம் மனுவும் கொடுத்தீர்கள். அந்த மனுவை நான் பார்த்தேன். ஏழு கையெழுத்து. அதில் ஒன்று, போன தீபாவளிக்கு என்னிடம் முறுக்கு அச்சு வாங்கிப் போய் இன்னும் திருப்பித் தராத கை. எனக்குப் படிப்பு குறைவுதான். ஆனால் எந்தக் கையெழுத்து எந்தக் கையுடையது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன்.

மலருக்கும் மனுவுக்கும் சேர்த்து இது ஒரே பதில். சாயங்காலம் பார்க் பெஞ்சில் முட்டி வலியைப் பற்றிப் பேசி முடித்த பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். கடைசி வரைக்கும் படியுங்கள். உங்களுக்கு வேண்டியது கடைசியில்தான் இருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. நாம் இப்போது லிஃப்ட் ஏறி இறங்கும் இந்த துவாரகா அன்றைக்கு வெறும் வயல். நாங்கள் இருந்தது டில்லி லோதி ரோட்டில், அரசாங்க ஆபீசர்களின் குவார்ட்டர்ஸில். முன்பக்கம் ஆபீசர் குடும்பம். பின்பக்கச் சந்தில் வேலைக்காரிக்கு ஒரு ரூம். அப்பா கட்டட வேலைக்கென்று பஞ்சாப் பக்கம் போனவர், போனவர்தான். அம்மாவும் நானும் மட்டும். முன்வீட்டில் அம்மா செய்யும் வேலைக்குத்தான் அந்த ரூம். வேலை போனால் அன்றைக்கே ரூமும் போகும். இதை அம்மா எனக்கு வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் ரூம் சுவரில் ஒரு ஆணிகூட அவள் அடிக்கவில்லை. சாமி படம் மாட்டப்படாமல் தகர டப்பாவின் மேல் சாய்ந்தே நின்றது. அதிலிருந்து நானே தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம் குளிர் குறையும்போது முன்வீட்டுக்குப் புது ஆபீசர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாதத்தில் பாதி நாள் டூர். வீட்டில் இருந்தது அவர் மனைவியும், ஓயாமல் அழுகிற ஒரு கைக்குழந்தையும்தான். ஆபீசரம்மாவுக்கு ஹிந்தியில் தெரிந்தது அச்சா, நஹி என்று இரண்டே சொல். அதையும் இடம் மாற்றிச் சொல்வாள். வேண்டாத காய்க்கு அச்சா, வேண்டிய காய்க்கு நஹி. புரியாத சொல் ஏதாவது காதில் விழுந்தால் என் அம்மாவைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்பாள். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புரியாத சொல்லுக்கு மட்டும்தான் கேட்பாள்.

பக்கத்தில் தமிழ் சொல்லித் தருகிற பள்ளிக்கூடம். அங்கே ஒரு சயின்ஸ் டீச்சர். என்னை யாராவது கெட்டிக்காரி என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் அது அந்த டீச்சர்தான். கோடை லீவுக்கு முன்னால் அவர் போர்டில் ஒரு மாட்டை வரைந்து, அதன் முதுகில் தலையிலிருந்து வால் வரை மணி கோத்த மாதிரி ஒரு வரிசை போட்டார்.

"இதுதான் முதுகெலும்பு. இது இருக்கிறதுல ஒரு கூட்டம் பாலூட்டி. உடம்புல முடி இருக்கும், ரத்தம் சூடா இருக்கும், குட்டிக்குப் பால் குடுக்கும். குட்டி தானா ஓடியாடற வரைக்கும் பக்கத்துலயே இருந்து காப்பாத்தும். மனுஷனும் பாலூட்டிதான்."

நான் எழுந்து நின்றேன். "டீச்சர், எங்க ஆபீசரம்மா புள்ளைக்கு பாட்டில் பால்தான குடுக்கறாங்க. அவங்க எதுல சேர்த்தி?"

"நீ வாலாட்டில சேர்த்தி. உக்காரு."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் லீவு வேலையாக எனக்குக் கொடுத்ததும் அதே பாடம்தான். ஏதாவது ஒரு பாலூட்டியைத் தினமும் பார்த்து, அது தன் குட்டியை எப்படிக் காப்பாற்றுகிறது என்று நோட்டில் படம் போட்டு எழுத வேண்டும். ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்ததும் காட்ட வேண்டும்.

பாலூட்டிக்கு நான் எங்கே போவேன்? அதுவே வந்தது.

டில்லியில் குளிர் போனதும் ரஜாய்களை, அந்தத் தடித்த பஞ்சுப் போர்வைகளை, வெயிலில் காயவைத்துப் பெட்டியில் போடுவார்கள் அல்லவா? ஆபீசரம்மா மூன்று புது ரஜாய்களை ஒரு பெரிய இரும்பு ட்ரங்குப் பெட்டிக்குள் போட்டு, காய்ந்த வேப்பிலை தூவி, பின் வராந்தாவில் வைத்திருந்தாள். பெட்டியின் கொக்கி வளைந்துவிட்டதால் மூடி முழுக்க மூடாது. ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. மே மாதம், அனல் காற்று ஊசியாகக் குத்தும் ஒரு மத்தியானம், அந்த இடைவெளிக்குள்ளிருந்து இரண்டு கண் என்னைப் பார்த்தது. சாம்பல் நிறத்தில் வரி போட்ட பூனை. அதன் வயிற்றோரம் ஈரப் பஞ்சு உருண்டை மாதிரி நாலு குட்டி. அதில் ஒன்று கறுப்பு.

காற்று குளிரக் கட்டிய வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் நான் தினமும் அங்கே போய் உட்காருவேன். அப்போதெல்லாம் பால் கண்ணாடி பாட்டிலில் வரும், வெள்ளிக் காகித மூடி போட்டு. அந்த மூடியின் உட்பக்கம் ஏடு ஒட்டியிருக்கும். அதைப் பூனைக்கு நீட்டினால் காகிதம் பளபளக்கும்வரை நக்கும். அந்தச் சொரசொர நாக்கு விரலில் படும்போது முதுகெல்லாம் கூசும்.

நோட்டில் எழுதினேன். குட்டிகளுக்குக் கண் திறக்கவில்லை. ஆனாலும் பால் இருக்கும் இடம் தெரிகிறது. குடிக்கும்போது முன்கால்களால் அம்மாவின் வயிற்றைப் பிசைகின்றன. ஒரு நாள் மதில் மேல் ஒரு கடுவன் பூனை வந்து குட்டிகளை மோப்பம் பிடித்தது. தாய்ப்பூனை வெளியே வந்து நின்றது. அதன் முதுகு வில்லாக வளைந்தது. முடி எல்லாம் நிமிர்ந்து, இருந்ததைவிட இரண்டு மடங்கானது. கடுவன் வந்த வழியே இறங்கிப் போனது. அன்றைக்கு நான் எழுதிய வரி இன்னும் மனப்பாடம்: "பூனைக்கு முதுகெலும்பு உண்டு. கோபம் வந்தால் வெளியே தெரியும்."

இன்னொரு நாள் அது கறுப்புக்குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு நடந்தது. குட்டி துணி மாதிரித் தொங்கியது. நான் அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அய்ய, பெத்த புள்ளையவே திங்குதா இது?" என்றாள்.

திங்கவில்லை. பெட்டியின் இந்தப் பக்கம் வெயில் விழுந்ததால் அந்தப் பக்கத்துக்கு மாற்றியது, அவ்வளவுதான். குட்டியின் பிடரியைத் தடவிப் பார்த்தேன். ஒரு பல் தடம்கூட இல்லை. அதையும் எழுதினேன், படமும் போட்டேன். மீசைக்கு மட்டும் ஒரு பென்சில் தேய்ந்தது.

இனிமேல் சொல்லப்போவதற்குத்தான் எனக்கு இன்றைக்கும் ரத்தம் சூடாகிறது.

ஜூன் மாதம் ஒரு காலை. குழந்தை பாயிலேயே வெளிக்குப் போய்விட்டது. பக்கத்தில் துணி இல்லை. ஆபீசரம்மா கைக்கு எட்டியதை எடுத்தாள். கைக்கு எட்டியது என் நோட்டு. சர்ரென்று நாலு தாளைக் கிழித்து அள்ளினாள். மேலே இருந்தது பூனை கறுப்புக்குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற படம்.

நான் மிச்ச நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

"கிறுக்குன தாள்தானட்டி, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்குத?" என்றாள். பிறகு, தரை துடைத்துக்கொண்டிருந்த என் அம்மாவைப் பார்த்து, அதே மூச்சில் சொன்னாள்: "இந்தா, ஜூலைல இருந்து இவ பள்ளிக்கூடம் போவாண்டாம். எம் பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு இங்கனயே கெடக்கட்டும். இஷ்டமில்லன்னா ரூமைக் காலி பண்ணு. அப்புறம் டில்லில எந்தத் தமிழ் வீட்லயும் உன்னச் சேக்காம நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் குனிந்தால் ஜாக்கெட்டுக்கு மேலே முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரியும். டீச்சர் போர்டில் போட்ட அதே மணி வரிசை. துணி ஒரு நிமிஷம் நின்றது. முதுகு நிமிரப்போகிறது, வில்லாக வளையப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"சரிம்மா" என்றாள் அம்மா. துணி மறுபடி ஓடியது.

நம் வயசுக்காரிகளே, அன்றைக்கு நான் இரண்டு பேரை வெறுத்தேன். தாளைக் கிழித்தவளைப் பாதி. சரிம்மா சொன்னவளை மீதி.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. எதிர் வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி மாவு சலிக்கச் சல்லடை கேட்டுப் பின் வராந்தா வழியாக வந்தார். வந்தவர் பெட்டிக்குள் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக ஆபீசரம்மாவிடம் ஓடினார்.

"பெஹன்ஜி, துமாரே ட்ரங்க் மே பில்லி! இஸ் லட்கி நே ரக்கி ஹை!" என்று என்னைக் கைகாட்டிச் சொல்லிவிட்டுச் சல்லடையோடு போய்விட்டார்.

ஹிந்தியில் பில்லி என்றால் பூனை. உங்கள் ட்ரங்குப் பெட்டியில் பூனை, இந்தப் பெண்தான் வைத்திருக்கிறாள். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் ஆபீசரம்மாவுக்குப் புரிந்த சொல் ட்ரங்க். அடுத்து, ஊரில் பிறந்ததிலிருந்து பயந்து வளர்ந்த சொல் பில்லி. பில்லி, சூனியம், ஏவல். புரியாத சொல் என்றால் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாள். இது புரிந்த சொல்லாயிற்றே!

குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். உதடு வெளுத்துவிட்டது. "ஏட்டி, எம் வீட்ல பில்லி வச்சிருக்கியா?"

பூனையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "ஆமாம்மா."

"எங்கன?"

"ட்ரங்குப் பெட்டிக்குள்ள. ரஜாய்க்கு நடுவுல."

"அடிப் பாவி! யாரு சொல்லி வச்ச?"

"யாரும் சொல்லலம்மா. அதுவா வந்துச்சு. மொதல்ல ஒண்ணுதான். இப்ப அஞ்சு."

"அஞ்சா? ஏ, எஞ் செல்லத்துக்குச் சூனியம் வைக்க ஒனக்கு எப்பிடிட்டி மனசு வந்துச்சு?"

சூனியம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சுரீரென்று பிடிபட்டது. இவள் பூனையைச் சொல்லவில்லை. ஒரே ஒரு சொல் போதும், பில்லின்னா பூனைம்மா என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது அந்தக் கிழிந்த நோட்டு ஞாபகம் வந்தது. நாக்கை மடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு கறுப்பும்மா" என்றேன்.

"அது... அது என்ன செய்யும்?"

"கண்ணெல்லாம் நல்லா தொறந்திடுச்சும்மா. இன்னும் ரெண்டு நாள்ல பெட்டிய விட்டு வெளிய வரும். வந்ததும் பாலு கேக்கும்."

ஆபீசரம்மா ஓ என்று கத்தினாள். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, முழங்கை வரை சோப்பு நுரையோடு ஓடி வந்தாள். "இன்னாம்மா ஆச்சு?"

"ஒம் மவ எம் பெட்டில பில்லி வச்சிருக்கா! அஞ்சு பில்லி! அவ வாயாலயே சொல்லிட்டா!"

அம்மா என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பஞ்சாபி ஆன்ட்டி சொன்னது அவள் காதில் விழுந்திருக்காது. கொல்லைக் குழாய் ஓடுகிற சத்தம். நான் உண்மையிலேயே சூனியம் வைத்துவிட்டதாக நம்பிவிடுவாள், அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது அம்மா நேராக நின்றிருந்தாள். அவ்வளவு உயரமா என் அம்மா?

"எடுத்துகினு போயிடறோம்மா" என்றாள் மெதுவாக. "ஆனா ஒண்ணு. இது எங்களோட ஒட்டிக்கினது. எங்களுக்கு ஒரு எடம் இருந்தா அங்க இருக்கும். எடம் இல்லன்னா பழகின வூட்டுக்கே திரும்பி வந்துடும். அதோட கொணமே அப்படித்தான்."

"எடம்தானே? தாரேன். ஆர்.கே.புரத்துல எங்க பெரியம்மா மக ஆளு தேடிக்கிட்டு இருக்கா. இப்பமே சீட்டு எழுதித் தாரேன், போயிருங்க."

"அங்க பள்ளிக்கூடம் கிட்ட இருக்குதாம்மா?"

"பள்ளிக்கூடம் எதுக்கு?"

"பொண்ணு வூட்ல சும்மா இருந்தா இன்னும் நாலு வச்சிடும்மா."

ஆபீசரம்மா எழுதிய சீட்டில் இரண்டு விஷயம் இருந்தது. இவள் நல்ல வேலைக்காரி. இவள் மகளைக் கட்டாயம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும். பெரியம்மா மகள் வீட்டுக்குப் பில்லியை அனுப்புகிறோமே என்று அவள் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்துத்தான் அனுப்பினாளோ என்னவோ.

"ரஜாய எடுத்து வச்சிட்டுப் பெட்டியக் குடுங்கம்மா" என்றாள் அம்மா.

"ஐயோ, தொறக்காத! பெட்டியோட கொண்டு போ!"

தெருவில் போன ஒரு டாங்காவை, குதிரை வண்டியை, கூப்பிட்டோம். டாங்காக்காரர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பிடித்துப் பெட்டியைத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. ஆபீசரம்மா அறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். உள்ளே குழந்தையின் அழுகையை மீறி அவள் அழுகை கேட்டது. எனக்கு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. நாக்கு முழுக்க இனிப்பு, கொஞ்சம் துவர்ப்பு.

நான் அந்த வாசலிலேயே நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து என் பிடரியில் கையைப் போட்டாள். சோப்பு வாசனை போகாத கை. அப்படியே அள்ளிக்கொண்டு போய் டாங்காவில் வைத்தாள். பெற்ற தாய் ஊரார் பார்க்கக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போகிறாளே என்று எனக்கு அவமானம். வழியெல்லாம் அவள் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. ரூம் போச்சே என்று அழுகிறாள், எல்லாம் என்னால்தான் என்று நானும் அழுதேன்.

ஆர்.கே.புரத்தில் பெட்டியைத் திறந்ததும் பூனை வெளியே குதித்தது. அம்மா ஆச்சரியப்படவில்லை. ஏமாந்ததை வெளியே காட்டிக்கொள்ளாமல் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பயத்தில் நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு பல வருஷம் எடுக்கவே இல்லை.

பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு என்னைத் தோற்கடித்து அனுப்பும்வரை போனேன். அதற்கு எந்தப் பில்லியும் காரணமில்லை. மூன்று ரஜாயும் பல குளிருக்கு எங்களைச் சுடச்சுட வைத்தன. பிறகு பஞ்சு வெளியே வந்து, ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பஞ்சாபி ஆன்ட்டியை ஒரு தடவை மார்க்கெட்டில் பார்த்தோம். லோதி ரோட்டு வீட்டில் வாசலுக்கு வாசல் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகிறதாம். அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க ஆபீசரம்மா பின் வராந்தா பக்கமே போகவில்லையாம். வெட்டிவேர்த் தட்டி அங்கேதான் இருந்தது. ஜூலை மாதப் புழுக்கத்தில் முன் ஹாலில் கதவைச் சாத்திக்கொண்டு வெந்தாளாம். அதைக் கேட்டு நான் ஒரு மாதம் சிரித்தேன். இப்போது எழுதும்போதும் சிரிக்கிறேன்.

அம்மா கடைசிக் காலத்தில் இங்கே, இந்த துவாரகா ஃப்ளாட்டில், என்னோடு இருந்தாள். ஒரு நாள் பால்கனியிலிருந்து கீழே ஒரு பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு காருக்குக் காரு மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சொன்னாள், "அந்த நெல்வேலிக்காரி இன்னா பயம் பயந்தா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா? அவ பில்லின்னதும் நீ நம்பிட்டன்னு இல்ல நெனச்சேன்!"

"ஏண்டி, டில்லில வூடு வூடா வேலை செஞ்சவளுக்கு பில்லின்னா பூனைன்னு தெரியாதா? அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலதான தெனம் தொடைச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல? ரூம் போச்சே!"

"சொல்லியிருந்தா ரூம் இருந்திருக்கும். நீ அவ புள்ளையத் தூக்கிகினு இருந்திருப்ப. அந்தத் தாளக் கிழிச்சா பாரு, அன்னிக்கே நெனச்சேன், இவளுக்கு ஒண்ணு செய்யணும்னு. எப்படின்னு தெரியல. நீயே வழி எடுத்துக் குடுத்துட்ட."

"டாங்கால அழுதியே?"

"அழுதனா? சஃப்தர்ஜங் தாண்டற வரைக்கும் சிரிப்ப அடக்கவே முடியலடி எனக்கு."

இத்தனை வருஷமாக அந்தப் பழியை வாங்கியது நான் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். நான் வாலை மட்டும்தான் ஆட்டியிருக்கிறேன். கடித்தது அவள். என் பிடரியில் கை வைத்தாளே, அது எனக்கு வலித்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வலிக்கவே இல்லை.

ஆபீசரம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். பாஷை தெரியாத ஊர். பால் வற்றிப்போன உடம்பு. ஓயாமல் அழுகிற குழந்தை. அந்த பாட்டில் பால் கிண்டலை இன்றைக்கு என்றால் செய்ய மாட்டேன். அவளும் தன் குட்டியைத்தான் அணைத்துக்கொண்டாள், பாவம். ஆனால் மன்னித்தாயா என்று கேட்காதீர்கள். அந்தப் படத்தில் மீசைக்கு மட்டும் ஒரு பென்சில் தேய்ந்தது.

இனி உங்கள் மனு. பேத்திகளைக் கொண்டு ஹிந்தியில் எழுதி வாங்கியிருக்கிறீர்கள்: பில்லி ஹடாவோ, அதாவது பூனையை எடு, வாசலில் இருக்கிற துருப்பிடித்த பெட்டியையும் எடு என்று. எந்தப் பெட்டி என்று இப்போது தெரிந்திருக்கும். கொக்கி இன்னும் வளைந்தேதான் இருக்கிறது. டில்லியில் பிறந்த உங்கள் பேத்திகளுக்குப் பில்லி என்றால் பூனை மட்டும்தான். நீங்கள் அப்படி இல்லை. ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். உங்களுக்கு இரண்டு அர்த்தமும் தெரியும்.

ஆமாம், என் வீட்டு வாசலில் பில்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவையும் ஐந்து. ஒன்று கறுப்பு. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடலாம். ஆனால் இருந்த இடம் போனால் அது வேறு வாசலைத் தேடிப் போகும், அதன் குணமே அப்படித்தான். கையெழுத்துப் போட்ட ஏழு வாசலும் எனக்குத் தெரியும்.

முறுக்கு அச்சு இருக்கிற வாசலிலிருந்து ஆரம்பிக்கும்.